சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: 15,349 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள், நான் சிங்கப்பூரில். கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு இரண்டுமே "அந்தப் பக்கம்"தான். அக்கா வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அம்மா போனில் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை மணி நேரம்டா உட்கார்ந்துக்கிட்டே போகணும்?" ஒரு முறை பதினெட்டரை என்றேன். அடுத்த முறை பதினெட்டே முக்கால் என்றேன். "போன தடவை வேற சொன்னியே, ஊர் என்ன தள்ளிப் போயிடுச்சா?" என்றார்.

ஊர் தள்ளிப் போகவில்லை. ஆனால் அம்மா கேட்டதில் விஷயம் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் பூமி சம்பந்தப்பட்டது, அது மாறாது. அதைக் கடக்க ஆகும் நேரமோ காற்று, எரிபொருள், இன்ஜின், எந்த நாட்டுக்கு எந்த நாட்டோடு சண்டை என்பது வரை எல்லாவற்றையும் சார்ந்தது. இணையத்தில் தூரம் கணக்கிட்டுத் தரும் தளங்கள் தூரத்தைச் சரியாகவே சொல்கின்றன. அப்புறம் அதை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்து, "பயண நேரம்" என்று போட்டுவிடுகின்றன. அந்த இரண்டாவது எண்ணை நான் நம்புவதில்லை.

முதலில் தூரம். இதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். 1790களில் பிரெஞ்சுக்காரர்கள் மீட்டர் என்ற அளவை உருவாக்கியபோது, வட துருவத்திலிருந்து பாரிஸ் வழியாகப் பூமத்திய ரேகை வரை வரும் கோட்டை ஒரு கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்குதான் மீட்டர் என்றார்கள். ஆக, துருவத்திலிருந்து பூமத்திய ரேகைக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர். தற்செயலாக வந்த எண் இல்லை, அப்படி வரவேண்டும் என்றே அளவைச் செய்தார்கள். (அவர்கள் அளந்ததில் சின்னப் பிசகு. உண்மையில் 10,002 கி.மீ. இரண்டு கிலோமீட்டரை விட்டுவிடுவோம்.)

சாங்கி விமான நிலையம் பூமத்திய ரேகைக்கு 150 கி.மீ. வடக்கே இருக்கிறது. அங்கிருந்து துருவத்துக்கு 9,850. நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் பூமத்திய ரேகைக்கு 4,500 கி.மீ. வடக்கே. துருவத்திலிருந்து அங்கே இறங்க 5,500. கூட்டினால் 15,350 வருகிறது. கணினி துல்லியமாகச் சொல்லும் தூரம் 15,349 கி.மீ.

துருவம் வழியாக எதற்குக் கூட்டினோம்? அதுதான் இந்த இரண்டு ஊர்களின் விசேஷம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. உலகத்தின் பாதிச் சுற்று 180 பாகை. கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று நேர் முதுகுப்பக்கம். அப்படி இருக்கும் இரண்டு ஊர்களுக்குக் குறுக்குவழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேரே வடக்கே போய் உச்சந்தலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டியதுதான். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. அங்கே பசிபிக்குக்கு மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போடத்தான் கை போகும். வீட்டில் பிள்ளைகளின் பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து சிங்கப்பூரில் ஒரு முனை, நியூயார்க்கில் ஒரு முனை வைத்து இழுத்துப் பாருங்கள். நூல் தானாகவே வழுக்கி மேலே ஏறித் துருவத்தின் பக்கத்தில் போய் நிற்கும். உருண்டையின் மேல் இப்படி நூல் விழும் கோட்டுக்குத்தான் பெருவட்டப் பாதை என்று பெயர்.

கணக்கின்படி அந்த நூல் வட துருவத்திலிருந்து சுமார் 280 கி.மீ. தள்ளிப் போகும். கீழே வரிசையாகத் தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா. பிறகு உறைந்த கடல். அதைத் தாண்டினால் கிரீன்லாந்தின் வடமேற்குப் பகுதி, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக், நியூயார்க். அழகான பாதை. பல நாட்களில் அந்தப் பாதையில் விமானம் போவதில்லை என்பதுதான் வேடிக்கை.

2018இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்கு நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியபோது அறிவித்த தூரம் சுமார் 16,700 கி.மீ. பூமி கேட்பதைவிட ஏறக்குறைய 1,350 கி.மீ. அதிகம். அதாவது சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் தூரத்தைவிடவும் கூடுதலான ஒரு சுற்றுவழி. தெரிந்தேதான் அப்படிச் சுற்றிப் போகிறார்கள். காரணம், காற்று.

தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறுபோல் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஜெட் காற்று என்று படித்திருப்போம். வெப்பமண்டலத்துச் சூடும் துருவத்துக் குளிரும் மோதும் எல்லையில் உருவாகி, பூமியின் சுழற்சியால் கிழக்கே திரும்பும் காற்று இது. குளிர்காலத்தில் சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் என்பதால் வேகமும் அதிகம். மணிக்கு 150, 200 கி.மீ. என்பது சாதாரணம். சில நாட்களில் 300ஐயும் தாண்டும். ஜப்பானுக்கு மேலே அது குறிப்பாக உக்கிரம். அதனால்தானோ என்னவோ அதை முதலில் முறையாக அளந்தவரும் ஒரு ஜப்பானியர். வாசாபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர் 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். உலகமே படிக்கட்டும் என்று முடிவுகளை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை. 1944இல் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் ஜப்பானின் மேல் குண்டு வீசப் போய், காற்று தள்ளியதில் குறி தவறியபோதுதான் அமெரிக்கர்களுக்கு அதன் பலம் புரிந்தது.

விமானத்துக்கு இரண்டு வேகங்கள் உண்டு. தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் அது போகும் வேகம் ஒன்று, தரையை வைத்துப் பார்க்கும்போது போகும் வேகம் இன்னொன்று. முதலாவது கிட்டத்தட்ட மாறாது, பெரிய விமானங்களுக்கு மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, பரிசலைப்போல ஆற்றோடு போனால் கூடும், எதிர்த்துப் போனால் குறையும். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் புயல் அடித்தபோது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தரையை வைத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்றால், இல்லை. தன்னைச் சுற்றிய காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. காற்றுதான் விமானத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடியது.

இப்போது நம் பாதைக்கு ஒரு எளிய கணக்கு. காற்றே இல்லாத ஒரு நாளில், துருவம் வழியாக நேரே 15,350 கி.மீ. போனால், மணிக்கு 900 என்ற கணக்கில் சுமார் 17 மணி நேரம். பசிபிக் வழியாக 16,700 கி.மீ. சுற்றிப் போகிறோம், ஆனால் பின்னாலிருந்து சராசரியாக 80 கி.மீ. காற்று தள்ளுகிறது என்றால் தரைவேகம் 980. வகுத்தால் அதே 17 மணி நேரம். காற்று நூற்றைத் தொட்டுவிட்டால் சுற்றுவழிதான் சீக்கிரம். நேர்வழியில் எதிர்க்காற்று வேறு இருந்தால் சொல்லவே வேண்டாம். விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போடுகிறார்கள். அன்றைய காற்று எப்படி என்று பார்த்துத்தான் அன்றைய பாதை. நேற்று அலாஸ்காவை ஒட்டிப் போயிருக்கலாம், இன்று அதற்கு வெகு தெற்கே போகலாம்.

இதன் விளைவு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சிங்கப்பூரிலிருந்து போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழியாகக் கிழக்கே போகிறார்கள். நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது அதே வழியில் வந்தால் ஜெட் காற்று எதிரே அடிக்கும். அதனால் பல நாட்களில் திரும்பும் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக வருகிறது. அதுவும் கிழக்கே போகும் வழிதான். போவதும் கிழக்கே, வருவதும் கிழக்கே. அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவன், உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருப்பான். எல்லா ஊர்களுக்கும் இந்த வசதி வாய்க்காது. நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தால்தான் இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே தூரமாக அமையும்.

சென்னையிலிருந்து லண்டன் போய்வந்தவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். போகும்போது ஆகும் நேரத்தைவிடத் திரும்பும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. அங்கே மாற்றுவழி கிடையாது, போகும்போது காற்றை எதிர்த்துத்தான் போயாக வேண்டும். போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடுகிறதே, கணக்கு நேராகிவிடாதா என்று தோன்றும். ஆகாது. 9,000 கி.மீ. தூரத்தை மணிக்கு 900 வேகத்தில் போய்வந்தால் மொத்தம் 20 மணி நேரம். போகும்போது 100 கி.மீ. எதிர்க்காற்று, வரும்போது 100 கி.மீ. பின்காற்று என்றால், போக 11 மணி 15 நிமிடம், வர 9 மணி நேரம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறோம். காற்று எப்போதும் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொண்டுதான் விடும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "பூமி கிழக்குப் பக்கமாகத்தானே சுற்றுகிறது, அப்போ கிழக்கே போற விமானத்துக்கு ஊர் விலகிக்கிட்டே இல்ல போகணும்?" என்று கேட்பார். ஓடும் ரயிலுக்குள் குதித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். குதித்த இடத்திலேயேதான் விழுவோம். பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, காற்றோடு சேர்ந்து விமானமும்.

இந்த மேற்குக் காற்று நம் ஊரில் இப்படி வேலை செய்யாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்த மாதங்களில் தரையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். ஆனால் விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலேயும் தென்னிந்தியாவின் வானத்தில் நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்று ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதை விளக்கி எழுதினார். ஆடியில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரும் விமானத்துக்கு இதனால் சில நிமிடங்கள் கூடும். நான்கு மணி நேரப் பயணத்தில் அது யார் கண்ணிலும் படாது.

இந்தியாவிலிருந்து போகும் பாதைகளில் காற்றின் கணக்கு பளிச்சென்று தெரிவது டெல்லி–சான்பிரான்சிஸ்கோவில். ஏர் இந்தியா முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் திசையையே மாற்றி, பசிபிக் வழியாகக் கிழக்கே போனார்கள். தூரம் 1,400 கி.மீ. கூடி 15,300 கி.மீ. ஆனது. நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கிலோமீட்டர் கூடி மணி குறைவது என்பது பஸ், ரயில் மனசுக்கு எட்டாத விஷயம். பைபாஸ் ரோடு என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் பிடிபடும்.

காற்றுக்கு அடுத்தபடியாக மனிதர்கள். மேலே வானம் திறந்து கிடப்பதுபோல் தெரிந்தாலும் ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு நாட்டுக்குச் சொந்தம். பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானில் போக முடியாமல் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போன விமானங்கள் பல, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின. பின்லாந்தின் ஃபின்னேர் 1983இல் துருவத்தைச் சுற்றிக்கொண்டு நிற்காமல் டோக்கியோ போகக் கற்றுக்கொண்டது. சோவியத் சிதறி, ரஷ்யாவின் வானம் திறந்த பிறகு ஹெல்சின்கி–டோக்கியோ ஒன்பது மணி நேரத்துக்கு இறங்கியது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்குவழி நாங்கள்தான் என்று ஃபின்னேர் ஒரு வியாபாரத்தையே அதன் மேல் கட்டியது. 2022இல் உக்ரைன் போர். ரஷ்யா வானத்தை மூடியது. அதே ஊர், அதே விமானம், இப்போது சுமார் 13 மணி நேரம். மறுபடியும் துருவம் வழியாக. துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். நான்கு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்கு ஒரு காகிதம்.

நமக்குப் பக்கத்திலும் இதுதான் நடந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன. அமெரிக்கா போகும் சில விமானங்கள் வழியில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தது.

எரிபொருள் என்று சொல்லிவிட்டோம். உண்மையில் நீண்ட தூரப் பயணத்தின் முழுக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது. சிங்கப்பூர்–நியூயார்க் சேவை முதலில் தொடங்கியது 2004 ஜூனில், நியூயார்க்குக்குப் பக்கத்தில் நியூஜெர்சியிலுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கு. விமானம் ஏர்பஸ் ஏ340-500, நான்கு இன்ஜின், இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள் பிடிக்கும். முதலில் 181 சீட் வைத்திருந்தார்கள். 2008இல் அதை நூறாகக் குறைத்து, நூறும் பிசினஸ் வகுப்பு என்றாக்கினார்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. எண்ணெய் விலை ஏறிக் கிடந்த காலம், நான்கு இன்ஜினும் குடித்துத் தீர்த்தன. 2013 நவம்பரில் சேவையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஐந்து வருடங்களுக்கு இந்த ஊர்களுக்கிடையே நேரடி விமானமே கிடையாது.

பதினெட்டு மணி நேரத்துக்கு எரிபொருள் சுமப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எரிபொருளைத் தூக்கிப் போகவே எரிபொருள் தேவை. கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்குச் சுமார் மூன்று சதவீதம், அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும் என்று தோராயமாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில், கூடுதலாக ஒரு டன் ஏற்றினால் பதினெட்டு மணி நேரம் கழித்து 580 கிலோ அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும். பாலைவனத்தைக் கடக்கும் ஒட்டகத்தின் மேல் அதற்கே வேண்டிய தண்ணீரை ஏற்றியதுபோல.

2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியபோது வந்தது ஏ350-900 யூஎல்ஆர். மிக நீண்ட தூரத்துக்கென்றே தயாரான வகை, மொத்தம் ஏழு விமானங்கள், ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம். இரண்டே இன்ஜின். புதிதாக டேங்க் எதுவும் சேர்க்காமல், எரிபொருள் அமைப்பில் மாற்றம் செய்தே கொள்ளளவை 1,41,000 லிட்டரிலிருந்து 1,65,000 ஆக்கினார்கள். முழுக்க நிரப்பினால் எடை 130 டன்னுக்கு மேல். புறப்படும்போது விமானத்தின் எடை அதிகபட்சம் 280 டன் இருக்கலாம். ஆக ஏறக்குறைய பாதி எடை எரிபொருளாகவே இருக்கலாம். பயணிகள் 161 பேர்தான். ஆளுக்குப் பையோடு நூறு கிலோ என்று வைத்தாலும் 16 டன். அதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350-900இல் 253 சீட். மீதி 92 பேர் இல்லாததால்தான் விமானம் அவ்வளவு தூரம் போகிறது. இதில் எகானமி வகுப்பே கிடையாது. பிரீமியம் எகானமிக்கும் பிசினஸ் வகுப்புக்கும் உள்ள டிக்கெட் விலையைப் பார்த்து மலைக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆயிரம் லிட்டர் டேங்க் கொள்ளளவு வருகிறது.

வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறினால் சிக்கனம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸே பிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க்குக்கு ஒரு விமானம் விடுகிறது. நான்கைந்து மணி நேரம் கூடும். அவசரம் இல்லாத நாட்களில் நான் அதில்தான் போவேன். நடுவில் கால் நீட்டி நடக்கலாம்.

இரண்டு இன்ஜின் என்றதும் இன்னொரு கேள்வி வரும். நடுக்கடலில் ஒன்று நின்றுபோனால்? இந்தப் பயம் அதிகாரிகளுக்கும் இருந்தது. 1953இல் அமெரிக்காவில் போட்ட விதிப்படி, இரண்டு இன்ஜின் விமானம் எந்த நேரத்திலும் ஒரு விமான நிலையத்திலிருந்து அறுபது நிமிடத் தூரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அதுவும் ஒரு இன்ஜினில் பறக்கும் வேகத்தில். அதனால் பெருங்கடல்களின் நடுப்பகுதி அவற்றுக்கு மூடியே கிடந்தது. இன்ஜின்கள் நம்பகமாக ஆக ஆக, 1985இல் அந்த வரம்பு 120 நிமிடமானது. ஏ350-900க்கு இப்போது 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. பூமியில் அதற்கு எட்டாத இடம் ஏறக்குறைய இல்லை.

எட்டும் தூரத்தில் ஓர் ஓடுபாதை இருப்பது வேறு, அங்கே இறங்கிய பிறகு என்ன ஆகும் என்பது வேறு. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கு நகரமான மகடானில் இறங்கியது. பத்திரமாகத்தான் இறங்கியது. ஆனால் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள், மாற்று விமானம் வரும்வரை, மொழி தெரியாத ஊரில் தங்க வேண்டியதாயிற்று. பலர் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள்.

பதினெட்டு மணி நேரத்தை நாம் பெரிதாகப் பேசுகிறோம். இலங்கைக்காரர்களிடம் இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்தது. அதை ஒட்டவைக்க 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் வரை, நீரிலேயே ஏறி இறங்கும் கேட்டலீனா விமானங்களை ஓட்டியது. 5,600 கி.மீ.க்கு மேல், கீழே முழுக்க இந்தியப் பெருங்கடல். ஜப்பானியர் கேட்டுவிடக் கூடாது என்று ரேடியோவைப் பெரும்பாலும் அணைத்தே வைத்தார்கள், விமானிகள் நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். எரிபொருளுக்கே இடம் போய்விட்டதால் பயணிகள் மூன்றே பேர், அப்புறம் ஒரு அறுபத்தொன்பது கிலோ தபால். வழக்கமாக 27 முதல் 33 மணி நேரம். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிக்கும். பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு' உறுப்பினர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். நேரத்தின்படி பார்த்தால், நிற்காமல் பறந்த பயணிகள் சேவைகளில் அதை இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை. இப்போது சிட்னியிலிருந்து லண்டனுக்கு நேரடியாகப் போக குவாண்டாஸ் தயாராகிக்கொண்டிருக்கும் திட்டத்துக்குச் 'சூரியோதயம்' என்று பெயர் வைத்திருப்பது அந்த ஞாபகத்தில்தான்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் இல்லை. புறப்படும் வாசலில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, இறங்கிய ஊரில் மறுபடியும் கட்டை வைக்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, நியூயார்க்கின் மேலே இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மேல் நிறுவனம் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கும். முன்கூட்டியே வந்தால் யாரும் திட்டுவதில்லை, தாமதமானால்தான் திட்டுவார்கள். 2018இல் முதல் விமானத்துக்கு அட்டவணைப்படி சாங்கியில் இரவு 11.35க்குப் புறப்பாடு, நியூவார்க்கில் காலை 6.00க்கு வருகை. வந்து சேர்ந்தது 5.29க்கு. பதினெட்டரை என்று சொல்லிவிட்டுப் பதினெட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்று காற்று நன்றாக இருந்திருக்கும், அட்டவணையிலும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

இரவு 11.35க்குக் கிளம்பிக் காலை 6 மணிக்குப் போய்ச் சேர்வது என்று படித்தால் ஆறரை மணி நேரம்போலத் தெரியும். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அந்த மாதங்களில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். முள் கடிகாரம் கட்டியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே காலை எட்டு. குளிர்காலத்தில் மட்டும் ஒரு மணி நேரம் திருகிக்கொள்ள வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் அம்மாவிடம் மணிக்கணக்கு சொல்வதில்லை. "நீ ராத்திரி படுக்கப்போற நேரத்துல ஏறுறேன். மறுநாள் சாயங்காலம் நீ விளக்கேத்துற நேரத்துல அக்கா வீட்டுல இருப்பேன்" என்கிறேன். நியூவார்க்கில் இறங்கியதும் அத்தானுக்கு ஒரு போன், அப்புறம் அம்மாவுக்கு. குடிவரவு வரிசையில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் யாராலும் கணக்குச் சொல்ல முடிவதில்லை.